ஐசியூ கட்டிலில் நரம்பைக் கண்டுபிடிப்பது: வாசகர் கேள்வி – பதில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் வலியைக் குறைக்க, அல்ட்ராசவுண்டில் நரம்பு இருக்கும் இடத்தைப் பார்த்து அதைச் சுற்றி மரத்துப்போகிற மருந்து போடும் முறை (‘பிளாக்’) பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள்; செவிலியர்களும் மயக்கவியல் படிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கீழே வரும் மருந்தளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்ததில் 67 வயதான என் மாமனாருக்கு இடது பக்கம் ஐந்து விலா எலும்புகள் முறிந்து ஐசியூவில் இருக்கிறார். வலிக்கு ட்ரிப்பில் மருந்து போகிறது. இப்போது, ‘ஸ்கேன் பார்த்து நரம்பு ஊசி போடப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். நரம்பில் ஊசி போட்டால் கை கால் விளங்காமல் போய்விடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஊசி நரம்புக்குள் போவதில்லை. நரம்பு ஓடுகிற தசை அடுக்குக்கு நடுவே மருந்தை விடுகிறார்கள். அது பரவி நரம்பை நனைத்து, சில மணி நேரம் வலி தெரியாமல் செய்கிறது. தவிர, விலா நரம்புகள் கை காலுக்குப் போகிறவையும் அல்ல.

விலா எலும்பு தானாகக் கூடிவிடும். டாக்டர்களின் கவலை நுரையீரலைப் பற்றியது. வலிக்குப் பயந்து உங்கள் மாமனார் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமமாட்டார். சளி உள்ளேயே தங்கி நிமோனியாவாகும்; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதற்காக மார்பின், ஃபென்டனில் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வலி அடங்கும், ஆனால் மூச்சும் மந்தமாகும், குடலும் அசையாது. நரம்பு ஊசி போட்டால் அந்த மருந்துகளைக் குறைக்கலாம்.

ஆபத்தே இல்லையென்று சொல்ல முடியாது. ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுக் காற்று கசியலாம், ரத்தம் கட்டலாம், மருந்து ரத்தத்தில் அதிகம் கலக்கலாம். ஊசியின் போக்கைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போடுவது இவற்றைக் குறைக்கத்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஒரே ஊசியா, கேதெட்டர் வைக்கிறீர்களா? ஒரே ஊசி ஏறத்தாழ அரை நாள் தாங்கும். விலா வலியோ பல நாள் இருக்கும். அதனால் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து மருந்தைத் தொடர்ந்து விடுகிறோம் என்று சொன்னால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: விலா முறிவுக்கு முதுகில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் நல்லதா, பக்கவாட்டில் போடும் செராட்டஸ் பிளாக் நல்லதா? நோயாளி வென்டிலேட்டரில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?
– மயக்கவியல் முதுகலை மாணவர், மதுரை

பதில்: முறிவு எங்கே என்பதையும் நோயாளியைத் திருப்ப முடியுமா என்பதையும் பார்த்து முடிவெடுங்கள். பின்பக்க முறிவுக்கு செராட்டஸ் போதாது. அது விலாவின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும்தான் மரக்கச் செய்யும். ஆனால் இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்து மல்லாந்தே கிடக்கிறவரை நான்கு பேர் சேர்ந்து உருட்டுவதைவிட செராட்டஸ் எவ்வளவோ மேல். கையைச் சற்று விலக்கிவைத்தால் போதும்.

இந்த இரண்டிலும் நீங்கள் நரம்பைப் பார்க்கப்போவதில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்ப்பது எலும்பும் தசை அடுக்கும்தான். எரெக்டர் ஸ்பைனேயில், 5ஆவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளிப் புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) நெடுக்காக வையுங்கள். தட்டையான தலையோடு, கீழே கருநிழல் விழும் சதுர மேடு குறுக்குமுள், அதாவது முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சி. இன்னும் வெளியே தள்ளி வைத்துவிட்டால் வளைந்த மேடு தெரியும், அது விலா. விலாக்களுக்கு இடையே மூச்சோடு வழுக்கும் பளிச்சென்ற கோடு தெரிந்தால் அது நுரையீரல் உறை, அங்கே ஊசிக்கு வேலையில்லை. ஊசி குறுக்குமுள்ளைத் தொட்டதும் 2 மி.லி. சேலைன் விடுங்கள். தசை எலும்பிலிருந்து நீளவாக்கில் உரிந்து எழ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தசை உப்பினால் இன்னும் தசைக்குள்தான் இருக்கிறீர்கள்.

செராட்டஸுக்கு நடு அக்குள் கோட்டில் 4ஆவது, 5ஆவது விலாவைப் பிடியுங்கள். மேலே லாட்டிசிமஸ் தசை, அதன் கீழே செராட்டஸ் தசை, அதற்கும் கீழே விலா. ஊசியை விலாவின் மேலேயே இறக்கினால் எலும்பே அரணாக நிற்கும். இரண்டு பிளாக்குக்கும் மரப்பு மருந்தான 0.25 சதவீத பியூபிவகெய்ன் அல்லது 0.2 சதவீத ரோபிவகெய்ன் 20 முதல் 30 மி.லி. வரை, அடுக்கு பிளாக்குகளில் மருந்தின் அடர்த்தியைவிட அதன் கொள்ளளவு முக்கியம். இரண்டு பக்கமும் போட வேண்டியிருந்தால் மொத்த அளவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பாக்காதீர்கள்.

கேள்வி: தொடை எலும்பின் கழுத்து முறிந்தவருக்கு ஃபெமோரல் நரம்பை (தொடையின் முன்பக்க நரம்பு) கண்டுபிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எனக்கு நரம்பு கண்ணில் தெரிகிறது, பிறகு காணாமல் போய்விடுகிறது.
– பயிற்சி டாக்டர், சேலம்

பதில்: நரம்பைத் தேடிப் போகாதீர்கள். தமனியைத் தேடுங்கள்.

இயந்திரத்தைக் கட்டிலுக்கு எதிர்ப்புறம் வைத்து, உங்கள் கண், ஊசி, திரை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நில்லுங்கள். ஐசியூவில் வென்டிலேட்டர், பம்ப், மானிட்டர் என்று இடமே இருக்காது. அதற்காகத் திரையைத் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தொடங்கினால் ஊசி நுனி தவறும். 6 முதல் 13 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள லீனியர் புரோப், ஆழம் 4 செ.மீ. கவட்டை மடிப்பில் குறுக்காக வையுங்கள். துடிக்கும் கருவட்டம் தமனி. அதற்கு உட்புறம், அழுத்தினால் நசுங்குவது சிரை. தமனி இரண்டாகத் தெரிந்தால் நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள், ஆழத் தொடைத் தமனி பிரிந்துவிட்டது என்று பொருள். ஒன்றாகும்வரை மேலே ஏறுங்கள்.

இனி தமனியின் வெளிப்புறம் பாருங்கள். இலியோசோவாஸ் தசையின் மேல் ஒரு வெள்ளைக் கோடு குறுக்காகப் போகும். அது ஃபாசியா இலியாக்கா, தசையைப் போர்த்திய உறை. அந்தக் கோட்டுக்குக் கீழே, தசைக்கு மேலே, தமனிக்கு 1 அல்லது 2 செ.மீ. வெளியே, முக்கோணமாகவோ தட்டை முட்டையாகவோ வெளுத்துத் தெரிவதுதான் நரம்பு.

அது ‘காணாமல் போவது’ புரோபின் சாய்வால். ஒலி அலை நரம்பின் மேல் செங்குத்தாக விழுந்தால்தான் எதிரொலி புரோபுக்கே திரும்பி வரும். சில டிகிரி சாய்ந்தாலும் அலை வேறு பக்கம் சிதறி, வெள்ளை நரம்பு தசையின் நிறத்தில் கரைந்துவிடும். புரோபை நகர்த்தாமல், அதே இடத்தில் தலைப்பக்கமும் கால்பக்கமும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு கோணத்தில் பளிச்சென்று வரும். அந்தக் கோணத்தில் கையை நோயாளியின் உடம்பின் மேல் ஊன்றி நிறுத்துங்கள். அந்தரத்தில் பிடித்த கை நிச்சயம் நகரும்.

ஊசியை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, புரோபின் நீளத்தோடு ஒரே தளத்தில் செலுத்துங்கள். 22 கேஜ், 50 மி.மீ. நரம்பு ஊசி ஒல்லியானவருக்குப் போதும். நீர் கோர்த்து வீங்கியவருக்கு 80 அல்லது 100 மி.மீ. தேவைப்படும். ஃபாசியாவைத் தாண்டும்போது ‘டக்’கென்று ஓர் உணர்வு வரும், ஆனால் அதை நம்ப வேண்டாம். 1 மி.லி. சேலைன் விட்டு, கோட்டுக்குக் கீழே கருநீர் பரவி நரம்பைத் தசையிலிருந்து பிரிக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே பரவினால் எவ்வளவு மருந்து விட்டாலும் பிளாக் வேலை செய்யாது. தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் நடக்கின்றன.

ஃபெமோரலுக்கு மட்டுமென்றால் 15 முதல் 20 மி.லி. ஃபாசியா இலியாக்கா பிளாக்காகப் பரப்ப வேண்டுமென்றால் 30 முதல் 40 மி.லி. நீர்த்த மருந்து. கவட்டையில் டயாலிசிஸ் கேதெட்டர் இருந்தால் அதன் பக்கத்தில் போய்க் குத்தாதீர்கள். கவட்டைக்கு மேலே, இடுப்பெலும்பு முனைக்குப் பக்கத்தில் அதே ஃபாசியாவைப் பிடிக்கலாம். அங்கே ஃபாசியாவுக்குச் சற்று மேலே ஓடும் சிறு தமனி ஒன்று உண்டு. மருந்து அந்தத் தமனியை மேலே தூக்கினால் சரியான அடுக்கு.

கேள்வி: அறுவை அரங்கில் தெளிவாகத் தெரியும் நரம்பு, ஐசியூவில் மட்டும் ஏன் மங்கலாகத் தெரிகிறது? இயந்திரம் அதேதான்.
– மயக்கவியல் டாக்டர், யாழ்ப்பாணம்

பதில்: இயந்திரத்தின் மேல் குறையில்லை. ஒரு வாரம் படுத்திருந்த உடம்பின் திசுக்கள் மாறிவிடுகின்றன.

முதலில் நீர்க்கோவை. தோலுக்கடியில் கொழுப்பு மடல்களுக்கு நடுவே நீர் தேங்கி, ஒலியைச் சிதறடிக்கிறது. 2 செ.மீ. ஆழத்தில் இருந்த நரம்பு 4 செ.மீ.க்கு இறங்கிவிடும். புரோபை அரை நிமிடம் சீராக அழுத்திப் பிடித்தால் நீர் ஒதுங்கி, நரம்பு மேலே வரும். தோலில் குழி விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் இப்படி அழுத்தும்போது சிரைகள் நசுங்கி மறைந்துபோகும். ஊசி போடுமுன் ஒருமுறை அழுத்தத்தைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டு வழியில் சிரை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் அலைவரிசையைக் குறையுங்கள், வளைந்த புரோபுக்கு மாறுங்கள்.

இரண்டாவது, அதிகம் பேசப்படாதது: தசை வெளுத்துவிடும். ஆரோக்கியமான தசை கறுப்பாக இருப்பதால்தான் வெள்ளை நரம்பு எடுப்பாகத் தெரிகிறது. செப்சிஸிலும் (தொற்று உடம்பு முழுவதையும் தாக்கும் நிலை) நீண்ட நாள் வென்டிலேட்டரிலும் இருந்தவரின் தசை மெலிந்து, நார் கூடி, அதுவும் சாம்பல் வெள்ளையாகிவிடும். கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, கூட்டினால் எல்லாமே வெளுத்து இன்னும் மோசமாகும், குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, தோலுக்கடியில் காற்று. விலா முறிந்து நுரையீரலில் ஓட்டை விழுந்தவருக்கு நெஞ்சிலும் கழுத்திலும் தொட்டால் நறநறவென்றிருக்கும். காற்றைத் தாண்டி ஒலி போகாது. திரையில் மினுக்கும் வெள்ளைத் திரைச்சீலைக்குக் கீழே எதுவும் தெரியாது. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு மட்டத்தில் முயலுங்கள், அல்லது அந்த பிளாக்கையே கைவிடுங்கள். அனுமானத்தில் குத்துவதற்கு இது இடமல்ல.

கேள்வி: நரம்பையும் தசைநாரையும் நிணநீர்க் கட்டியையும் பிரித்தறிய எளிய வழி உண்டா?
– தீவிர சிகிச்சை செவிலியர், கோயம்புத்தூர்

பதில்: புரோபை நீளவாக்கில் நகர்த்திப் பின்தொடருங்கள். நிணநீர்க் கட்டி இரண்டு செ.மீ.யில் முடிந்துவிடும். தசைநார் மேலே போகப் போகத் தசையாக மாறிவிடும். நரம்பு நரம்பாகவே போகும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மீடியன் நரம்பைப் பாருங்கள்: விரல்களை மடக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவே, கருப்புப் புள்ளிகளும் வெள்ளைச் சுவர்களுமாகத் தேனடை போலிருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் கையிலேயே பார்க்கலாம்.

ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறோம். கழுத்தில் நரம்பு வேர்கள் கருவட்டங்களாகத் தெரியும், கீழே போகப் போக வெளுக்கும். வேரில் இணைப்புத் திசு குறைவு என்பதே காரணம். கழுத்தில் கருவட்டத்தைப் பார்த்ததும் ரத்தக்குழாயா நரம்பா என்று டாப்ளர் போட்டுப் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது.

மேல்கையில் பிக் லைன் (கைச் சிரை வழியே மார்புவரை செலுத்தும் நீளக் குழாய்) போடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக்கியல் தமனியை ஒட்டியே மீடியன் நரம்பு போகிறது. பக்கத்திலிருக்கும் பிரேக்கியல் சிரையைக் குறிவைத்தால் நரம்பில் படலாம். மயக்கத்தில் இருப்பவர் ‘ஆ’வென்று கையை இழுக்கமாட்டார். பேசிலிக் சிரை தனியாக இருப்பதால் அதையே முதலில் தேடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் இருக்கும்போது நரம்பு தூண்டிக் கருவி தேவையா?
– மயக்கவியல் முதுகலை மாணவி, திருச்சி

பதில்: ஊசி நுனியில் சிறு மின்சாரம் விட்டு, தசை துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. தசை தளர்த்தி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அது வீண். நரம்பைத் தொட்டாலும் தசை துடிக்காது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம்: 0.2 மில்லி ஆம்பியருக்கும் கீழே துடித்தால் நுனி நரம்புக்குள் இருக்கலாம், பின்னால் இழுங்கள். துடிக்கவில்லை என்பதால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அடுக்கைப் பிரிக்க சேலைனுக்குப் பதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் விடுங்கள். சேலைன் மின்சாரத்தைக் கடத்திச் சிதறடிப்பதால் துடிப்பு அடங்கிவிடும்.

மயக்கத்தில் இருப்பவருக்கு நம்பத்தக்க அடையாளம் திரையில்தான். மருந்து விடும்போது நரம்பே உப்பினால் உடனே நிறுத்துங்கள். சிரிஞ்சை அழுத்துவது கடினமாக இருந்தாலும் நிறுத்துங்கள். அழுத்தமானி இருந்தால் 15 பி.எஸ்.ஐ. எல்லை. நுனி தெரியாதபோது ஊசியைத் தள்ளவே கூடாது. ஊசித்தண்டின் நடுப்பகுதியை வெட்டுமுகத்தில் பார்த்துவிட்டு அதையே நுனி என்று நம்புவதுதான் வழக்கமான ஏமாற்றம்.

கேள்வி: வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தயாராக இருப்பவருக்குத் தோள்பட்டை முறிவு. கழுத்தில் இன்டர்ஸ்கேலின் பிளாக் போடலாமா?
– தீவிர சிகிச்சை டாக்டர், சென்னை

பதில்: வேண்டாம். வழக்கமான 20 மி.லி. அளவில் போட்டால் உதரவிதானத்தை இயக்கும் அந்தப் பக்க ஃப்ரெனிக் நரம்பும் ஏறத்தாழ எல்லோருக்கும் மரத்து, பாதி உதரவிதானம் படுத்துவிடும். நல்ல உடம்பு தாங்கும். மூச்சுவிடப் பழகிக்கொண்டிருப்பவர் தாங்கமாட்டார். காறையெலும்புக்கு மேலே போடுவதிலும் இந்த ஆபத்து கணிசமாக உண்டு. தோள்பட்டையின் பின்புறம் சுப்ராஸ்கேபுலர் நரம்பையும், மேல்கையில் ஆக்சிலரி நரம்பையும் தனித்தனியாகப் பிடிப்பது மேல். வலி முழுவதும் போகாது, ஆனால் மூச்சுக்குப் பாதிப்பு வராது.

உதரவிதானம் வேலை செய்கிறதா என்று அதே லீனியர் புரோபில் பார்க்கலாம். நடு அக்குள் கோட்டில், 8ஆவது அல்லது 9ஆவது விலா இடைவெளியில், இரு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கருப்பட்டையாகத் தெரியும். மூச்சிழுக்கும்போது அதன் தடிமன் 20 சதவீதத்துக்கும் குறைவாகக் கூடினால் செயலிழப்பு. ஏறி இறங்குவதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்; இயந்திரம் காற்றைத் தள்ளினாலும் உதரவிதானம் இறங்கத்தான் செய்யும்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபரின் போட்டிருப்பவருக்கு பிளாக் போட எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?
– செவிலியர், வேலூர்

பதில்: முதுகெலும்பை ஒட்டிய பாராவெர்டிப்ரல், லம்பார் பிளெக்சஸ் போன்ற ஆழமான பிளாக்குகளுக்கு ஸ்பைனலுக்குரிய அதே விதி: தடுப்பு அளவென்றால் 12 மணி நேரம், சிகிச்சை அளவென்றால் 24 மணி நேரம். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து இன்னும் நேரம் தங்கும். ஃபெமோரல், ஆக்சிலரி போல வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தக்கூடிய இடங்களில் லாபநஷ்டம் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். கேதெட்டரை உருவும்போதும் இதே கணக்குதான். அதை மறந்து, எனாக்ஸபரின் போட்ட கையோடு உருவுவது வார்டுகளில் நடக்கிறது. கேஸ் ஷீட்டில் கேதெட்டர் பற்றிச் சிவப்பில் எழுதிவையுங்கள்.

கேள்வி: மயக்கத்தில் இருப்பவருக்கு மரப்பு மருந்து நச்சாகிவிட்டால் எப்படித் தெரியும்?
– மயக்கவியல் முதுகலை மாணவர், திருநெல்வேலி

பதில்: தெரியாமலே போகலாம், அதுதான் சிக்கல். விழித்திருப்பவர் உதடு மரக்கிறது, காது இரைகிறது என்பார், பிறகு வலிப்பு வரும். மயக்க மருந்துகளான மிடசோலமும் ப்ரோபோஃபாலும் ஓடுகிறவரிடம் இவையெல்லாம் மறைந்து, முதல் அடையாளமே மானிட்டரில் இசிஜியின் கியூஆர்எஸ் அலை அகலுதல், இதயத்துடிப்புக் குறைவு, பிரஷர் இறக்கம் என்று வரும். செப்சிஸ் நோயாளியின் பிரஷர் இறங்கினால் எல்லோரும் செப்சிஸையே சந்தேகிப்பார்கள். பிளாக் போட்டு அரை மணி நேரத்துக்குள் நடந்தால் மருந்தை நினையுங்கள்.

பியூபிவகெய்னுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 2 மி.கி., ரோபிவகெய்னுக்கு 3 மி.கி. 60 கிலோ உள்ளவருக்கு பியூபிவகெய்ன் 120 மி.கி.; 0.25 சதவீதத்தில் ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி. என்பதால் 48 மி.லி. ஐசியூவில் அந்த எல்லைவரை போகாதீர்கள். கல்லீரல் பழுது, இதயத் தளர்ச்சி, ரத்தத்தில் அமிலம் கூடுதல் எல்லாம் நச்சைக் கூட்டும். எடைக்கு, நீர் ஏறி வீங்கிய இன்றைய எடையை எடுக்காமல் அட்மிஷன் எடையை எடுங்கள். 5 மி.லி.க்கு ஒருமுறை ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சை இழுத்துப் பாருங்கள். மருந்து உள்ளே போகிறது, திரையில் பரவல் தெரியவில்லை என்றால் நுனி ரத்தக்குழாயில் இருக்கலாம்.

நடந்துவிட்டால் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புத் திரவம்) கிலோவுக்கு 1.5 மி.லி. வேகமாக, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. 60 கிலோவுக்கு முதலில் 90 மி.லி., பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி., மொத்தம் 720 மி.லி.யைத் தாண்டக் கூடாது. அட்ரினலின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம். ப்ரோபோஃபாலிலும் கொழுப்பு இருக்கிறதே என்று அதைக் கூட்டுவது தவறு. அதிலுள்ள கொழுப்பு போதாது, இதயத்தையும் அமுக்கும். லிப்பிட் பாட்டில் ஐசியூவிலேயே எங்கே இருக்கிறதென்று பிளாக் போடுமுன் கேளுங்கள். பார்மசியில் இருக்கிறது என்றால், வரவழைத்த பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: கண்ணுக்கு ஸ்கேன் வைத்து மூளை அழுத்தத்தைச் சொல்ல முடியும் என்கிறார்களே, அதுவும் நரம்புதானா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஆம், பார்வை நரம்பு. அதன் உறை மூளையுறையின் தொடர்ச்சி என்பதால் உள்ளே அழுத்தம் கூடினால் உப்பும். மூடிய இமையின் மேல் நிறைய ஜெல் வைத்து, அழுத்தாமல், விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் அகலத்தை அளப்பார்கள். 5 மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகம், 6ஐத் தாண்டினால் பலத்த சந்தேகம். சிடி ஸ்கேனுக்கு மாற்றாகாது. விழியே கிழிந்திருக்கலாம் என்று தோன்றினால் புரோபை வைக்கவே கூடாது.

கேள்வி: புரோப் உறை, ஜெல் விஷயத்தில் எங்கள் யூனிட்டில் ஆளுக்கொரு வழக்கம். எது சரி?
– பொறுப்புச் செவிலியர், ஈரோடு

பதில்: ஊசி போகும் இடத்தில் பாட்டில் ஜெல் கூடாது. 2021இல் அமெரிக்காவில் பர்கோல்டேரியா கிருமி கலந்த அல்ட்ராசவுண்ட் ஜெல்லால் மருத்துவமனைகளில் ரத்தத் தொற்று பரவி, அந்த ஜெல்லையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தோலில் ஸ்டெரைல் பாக்கெட் ஜெல். கிடைக்காவிட்டால் ஸ்டெரைல் சேலைன் நனைத்தாலே படம் வரும். உறைக்குள்ளும் ஜெல் வேண்டும். உறையை நீவி காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டைகள் விழும், டாக்டர் இயந்திரத்தைத் திட்டுவார். கேதெட்டர் வைப்பதாக இருந்தால் கேபிளையும் மூடும் நீள உறை, கவுன், மாஸ்க் எல்லாம் சென்ட்ரல் லைனுக்குப் போலவே. முடிந்ததும் ஜெல்லை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் கிருமிநாசினி; ஜெல் மேல் போட்ட கிருமிநாசினி வேலை செய்யாது. சில புரோப்களின் ரப்பர் முகத்தில் ஸ்பிரிட் விரிசல் விழவைக்கும், கம்பெனிக் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: நரம்பு பார்க்க மட்டும் என்று ஒரு கையடக்க ஸ்கேன் வாங்கி, நான் போகும் மூன்று மருத்துவமனைகளுக்கும் எடுத்துச் செல்லலாமா?
– மயக்கவியல் டாக்டர், கும்பகோணம்

பதில்: முடியாது. எதற்குப் பயன்படுத்தினாலும் இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் இயந்திரம் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவாக வேண்டும். கையடக்கக் கருவியைப் பதிவான வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். நடமாடும் மருத்துவப் பிரிவுகளுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பெயரில் பதிவுசெய்து, தன் ஐசியூவிலேயே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கார் டிக்கியில் வைத்துக்கொண்டு சுற்றினால் கருவியைப் பறிமுதல் செய்வார்கள்.